நரிமுடுக்கு கொண்ட சக்கரவர்த்தினி

மேலமருதங்குடி,
28.10.1996

மஸ்கட் மாநகரில் கான்கிரீட்டுக்குப் பலகை அடித்து மாளிகைகளை நிமிர்த்திக்கொண்டிருக்கும் மருமகன் சேரனுக்கு, உன் தாய்மாமன் சிங்காரவேலு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை செவ்வந்தியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடுகிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. உன் உடம்பு எப்படி? அந்த ஊர் வெயிலில் மனிதர்கள் அப்பளமாகப் பொரிவதாக, உன்னோடு ரூமில் இருக்கும் முபாரக்கின் வாப்பா குத்தாலம் கடைத்தெருவில் சொன்னார். தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள்.

சேதி ஒன்று. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். உன் அக்கா அம்சவல்லி முடிசூடிவிட்டாள்.

நம் ஊராட்சியை இந்தத் தடவை தனித் தொகுதி, அதிலும் பெண்ணுக்கு என்று ஒதுக்கினார்களா? மெயின் ரோட்டுக்காரர்கள் தலையாட்டுகிற ஒரு அம்மாளைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். கீழத்தெரு நடவுக்காரப் பெண்கள் முப்பது பேரும் கூடி, தங்கள் வேலைக் கூட்டமான கொத்துக்குத் தலைவியான நம் அம்சுவை நிறுத்தினார்கள். நாற்பத்தொரு ஓட்டில் ஜெயம். வெளியூரில் நாற்பத்தோராயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி தோன்றும் வால்நட்சத்திரம் அல்லவா, அவனுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

சிம்மாசனம் என்பது ஒரு கை ஒடிந்த மர நாற்காலி. உதவித் தலைவர் யார் தெரியுமா? ரைஸ் மில் இராஜாங்கம். அவர் தன் வீட்டிலிருந்து குஷன் நாற்காலி கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அம்சு கூரையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். "அண்ணே, நாக்காலி நல்லாருக்கு. மழ பேஞ்சா அந்த எடத்துலதான் ஒழுவும், கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க" என்றாள். அரை மணியில் ஒழுகியது. வருணபகவானும் நமக்கு ஓட்டுப் போட்டவர் போலிருக்கிறது.

முதல் ஆணையைக் கேள். நரிமுடுக்கு வடிகாலை அளந்து, அடைத்திருப்பதை எல்லாம் எடுத்து, அடுத்த மழைக்குள் பழைய அகலத்துக்கு வெட்டுவது! முப்பத்தொரு வருடம் பொதுப்பணித்துறை லஸ்கராக மதகுப் பலகை ஏற்றி இறக்கியவன் நான். அந்த வடிகாலின் அகலம் பதினாறு அடி என்பது எனக்கு என் இடுப்பளவைவிட நன்றாகத் தெரியும். இன்று மில் சுவர், டீக்கடை, வைக்கோல்போர் எல்லாம் உள்ளே இறங்கி, மெயின் ரோட்டோரம் நாலடி சாக்கடையாகக் கிடக்கிறது. கீழத்தெரு வயல்களின் மழைத்தண்ணீர் வெளியேற வேறு வழி கிடையாது. வருடா வருடம் நம் சம்பா மூழ்கி அழுகுவது இதனால்தானே?

கடாரம் கொண்டவனை நாடு பார்த்துவிட்டது. இனி நரிமுடுக்கு கொண்டவளைப் பார்க்கட்டும்.

மில்லுக்கு அடுத்து நீ வாங்கிப்போட்ட மனையில் வீடு லிண்டல் மட்டம் வந்துவிட்டது. கீழத்தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற முதல் வீடு. எஸ்.டி.டி. பூத்தின் மூன்று நிமிடத்தில் என் பராக்கிரமம் அடங்காது, ஆகவே கடிதமே எழுது.

அரசவைப் புலவரும் கட்டட மேஸ்திரியுமான,
மாமன் சிங்காரவேலு

*

மஸ்கட்,
24.11.1996

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முதலில் அக்கா எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள். அடுத்து அத்தை, அடுத்து நீங்கள், கடைசியில் முழங்கால்.

உங்கள் கடிதத்தை ரூமில் உரக்கப் படித்தேன். பட்டுக்கோட்டைக்காரர் இரண்டு பேர் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தார்கள். முபாரக், மலையாளத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொன்னான். இப்போது சைட்டில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; சக்கரவர்த்தினியின் தம்பிதான். போர்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார், அர்த்தம் தெரியாமல்.

அம்மா போனபிறகு அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடவுக்குப் போவாள். வரப்பில் உட்கார வைத்து, நண்டு பிடிக்காதே என்று மிரட்டிவிட்டு இறங்குவாள். அவள் இன்று ஊருக்குத் தலைவர். நினைத்தால் வேலை கனமாகத் தெரிவதில்லை.

மாமா, ஒரு விஷயம். திருவிடைமருதூரில் அத்தை பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா, முன்னால் கார் நிறுத்த இடம் இருக்குமா என்று கேட்டாராம். நம்மிடம் கார் இல்லை, அவரிடமும் இல்லை. ஆனாலும் கேட்டிருக்கிறார். இங்கே நான் பலகை அடிக்கும் வீடுகளில் எல்லாம் முன்னால் இரண்டு தூண் நிறுத்தி போர்ட்டிகோ வைக்கிறார்கள். நாமும் அப்படி ஒன்று வைத்தால் என்ன? இடம் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள்,
சேரன்

*

மேலமருதங்குடி,
20.12.1996

மருமகனே,

நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நனைந்த நிலையில். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

இந்த மழையை மழை என்று சொல்வது வங்காள விரிகுடாவை வாளி என்பது போல. எங்கள் தெருவில் மீன் வாசல்வழியாக வந்து கொல்லைவழியாகப் போயிற்று. போகும்போது உன் அத்தையிடம் சொல்லிக்கொண்டு போயிற்று. கீழத்தெரு சம்பா பதினோரு நாள் தண்ணீருக்குள் நின்றது. சக்கரவர்த்தினி இடுப்பளவு நீரில் முப்பது பெண்களுடன் மில் சுவர் ஓரமாக நின்று, கையாலும் மண்வெட்டியாலும் அடைப்பை எடுத்துப் பார்த்தாள். நாலடி வழியில் எவ்வளவு போகும்? பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வடிந்தபோது பயிர் கறுத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அழுகிய நாற்று ஒரு பிடியைக் கொண்டுவந்து ஆபீஸ் மேஜைமேல் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாறுகிறது. இராஜாங்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறார். "இத எடுத்துப் போடும்மா" என்றால், "வடிகால வெட்டுனதும் எடுத்துடறேண்ணே" என்கிறாள்.

போர்ட்டிகோ ஆகட்டும். இடம் எல்லாம் உண்டு. சக்கரவர்த்தினியின் தம்பி வீட்டுக்கு இடமா இல்லை? இராஜாங்கமே நேற்று வந்து பார்த்து, "நல்லா முன்னால இழுத்துக் கட்டுங்க, என் செவுத்துக்கு நேரா வந்தா பார்வையா இருக்கும்" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டுப் போனார். கொத்தனார் வைரக்கண்ணுதான் முதலில் முனகினான். அவனைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு நான் ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். வந்து பார்த்தவன் வாயைத் திறக்காமல் கடைக்கால் வெட்ட ஆரம்பித்தான்.

உன் அத்தை எட்டு வருடமாக நச்சரித்த துவைகல்லும் அமைந்துவிட்டது. நல்ல கருங்கல். அரசர்கள் வேட்டி துவைக்கலாம்.

மாமன்

*

மேலமருதங்குடி,
15.3.1997

சேரனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், முழங்கால் உட்பட. அது சமாதானக் கொடி காட்டிவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

போர்ட்டிகோ எழும்பிவிட்டது. இரண்டு தூண். ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்க ஆறு பேர் வேண்டும். சரி, இரண்டு பேர். நிழலில் ஒரு யானை படுக்கலாம், யானையின் சம்சாரமும் படுக்கலாம். திருவிடைமருதூர் சம்பந்தி வந்தார். தூணைத் தட்டினார், மேலே பார்த்தார், காபியைக் குடித்தார், "தை மாசம் வச்சுக்கலாம்" என்றார். தெருப் பயல்களுக்கு நிலையாக ஒரு கிரிக்கெட் மைதானம் கிடைத்தது. மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள்.

ஆட்சி நிலவரம்: ரேஷன் கடை எடைக்கல்லை அம்சு குத்தாலத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்ததிலிருந்து கீழத்தெருக்காரர்களின் சர்க்கரை கூடிவிட்டது. சுடுகாட்டுப் பாதைக்கு மூன்று விளக்கு. ஊர்க் குளத்தில் எல்லாத் தெருவும் தண்ணீர் எடுக்கலாம் என்று பலகை எழுதி, அவளே ஆணி அடித்தாள். பலகையை இரண்டு தடவை யாரோ பிடுங்கினார்கள். மூன்று தடவை அடித்தாள்.

வடிகாலை அளக்கச் சர்வேயருக்கு மனுப் போட்டிருக்கிறாள். தினம் தாலுகா ஆபீஸ் போகிறாள். அவள் ஓடுகிற ஓட்டத்தில் உன் வீட்டுக்குள் வந்து சாவகாசமாக ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வரும்போது வரட்டும். அவசரம் ஒன்றுமில்லை.

மாமன்

*

மஸ்கட்,
22.6.1997

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அக்கா எப்படி இருக்கிறாள்? அத்தை, நீங்கள், முழங்கால்?

மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. போர்ட்டிகோ போட்டோ கேட்டு இரண்டு தடவை எழுதிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை பூத்துக்குப் போன் போட்டேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், போர்ட்டிகோ என்றதும் "லைன் கேக்கலடா" என்று வைத்துவிட்டீர்கள். எனக்கு நன்றாகக் கேட்டது. பின்னால் பஸ் ஹாரன்கூடக் கேட்டது.

முபாரக் லீவு முடிந்து வந்தான். நம் ஊரில் சர்வேயர் சங்கிலி பிடித்ததாகச் சொன்னான். "ஒங்க வீட்டுப் பக்கம்கூட..." என்று ஆரம்பித்தவன், சட்டென்று என் அத்தை கொடுத்தனுப்பிய முறுக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது.

தை மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன மாமா விஷயம்?

சேரன்

*

மேலமருதங்குடி,
19.7.1997

சேரனுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

சங்கிலி பிடித்தது உண்மை. சர்வேயர் என்றால் என்ன, ஒரு சேனாதிபதி! குடை பிடிக்க ஒருவன், தடி பிடிக்க ஒருவன், இளநீர் வெட்ட ஒருவன். மதகிலிருந்து பாலம்வரை அளந்து, எங்கெங்கே வடிகாலுக்குள் கட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையில் எண் போட்டான். மில் சுவருக்கு ஒன்றாம் எண். இராஜாங்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மொத்தம் ஏழு எண். டீக்கடைக்காரன் அழுதான், வைக்கோல்போர்க்காரன் சாமியாடினான்.

ஏழாவது சின்ன எல்லைத் தகராறு. பேசித் தீர்த்துக்கொள்கிற சமாசாரம். நீ அங்கே மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

போட்டோக்காரன் கும்பகோணம் போயிருக்கிறான்.

மாமன்

*

மஸ்கட்,
10.8.1997

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாமா எழுதுகிற கடிதங்களில் எல்லாம் இருக்கிறது, விஷயம்தான் இல்லை. அதனால் உனக்கு நேராக எழுதுகிறேன்.

ஏழாம் எண் நம் வீடா?

அப்படி என்றால் ஒன்று கேட்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீதான் தலைவர். மற்ற ஆறையும் எடுத்த பிறகு நம்முடையதைப் பார்த்துக்கொள்ளலாம். அல்லது ஒரு கையெழுத்தில் விட்டுவிடலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தானே செய்தார்கள் இத்தனை வருடமும்? ஆறு வருடம் இங்கே பலகை அடித்திருக்கிறேன் அக்கா. அந்த வீட்டைத் தவிர எனக்கு அங்கே எதுவும் இல்லை. தையில் கல்யாணம்.

பதில் எழுது.

உன் தம்பி,
சேரன்

*

மேலமருதங்குடி,
7.9.1997

தம்பி சேரனுக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் நல்லபடி இருக்கேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு மாமா மாதிரி எழுத வராது. நடந்ததை எழுதறேன்.

உன் கடிதம் எல்லாம் முடிந்த அப்புறம்தான் வந்தது. முன்னால் வந்திருந்தாலும் இதேதான் செய்திருப்பேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

சர்வேயர் வந்தபோது நம்ம மனை ஓரத்தில் எல்லைக்கல் காணோம். நான் மாமாவைத்தான் கேட்டேன். அவருக்குத் தெரியாத கல்லா? "வெள்ளத்துல போயிடுச்சும்மா" என்றார். நம்பினேன். கல் இல்லாமலே மதகிலிருந்து அளந்து போட்டார்கள். நம்ம போர்ட்டிகோ முழுக்கவும், அதோடு சேர்த்து மாமா முன்னால் இழுத்துக் கட்டிய முன் ரூம் பாதியும் வடிகாலில் இருந்தது. அதுக்கு அப்புறம் ஒரு நாள் மாமா வீட்டில் துணி அலசும்போது துவைகல் ஆடியது. முட்டுக் கொடுக்கலாம் என்று புரட்டினேன். அடியில் சர்வேக்காரர் கொத்திய அம்புக்குறி இருந்தது. அந்தக் கல் இருந்த இடத்தைத் தாண்டிக் கடைக்கால் வெட்ட மாட்டேன் என்று வைரக்கண்ணு அண்ணன் சொல்லியிருக்கார். அவர் சாப்பிட்டு வருவதற்குள் மாமா கல்லைப் பெயர்த்துவிட்டார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் இராஜாங்கம் எழுந்தார். ஊரே இருந்தது. "தலைவரம்மா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? ஏழாம் நம்பர மொதல்ல எடுங்க. எடுத்த மறுநாள் என் செவுத்த நானே தள்றேன். மத்தவங்களும் தள்ளுவாங்க" என்றார்.

"எழுதிக் குடுக்கறீங்களாண்ணே?" என்றேன்.

"சபைல சொல்றேன். என் வாய விடவா காயிதம் பெரிசு?"

எல்லோரும் கை தட்டினார்கள். நம்ம தெருக்காரர்களும் தட்டினார்கள். மழைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது தம்பி. மேஜையில் அந்த நாற்று காய்ந்துபோய்க் கிடந்தது.

ஆவணி நாலாம் தேதி காலையில் இடித்தோம். நடவுக்காரப் பெண்கள் யாரும் கடப்பாரையைத் தொட மாட்டேன் என்றார்கள். "ஒந்தம்பி வூடு, எங்களால ஆவாது" என்றார்கள். முதல் அடி நான்தான் போட்டேன். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாமா, நவுருங்க" என்றேன். நவுர்ந்தார். வைரக்கண்ணு அண்ணன் நன்றாகத்தான் கட்டியிருந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாள் இராஜாங்கம் கோர்ட் தடை உத்தரவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவர் சுவருக்கும் மற்ற ஐந்து இடத்துக்கும் சேர்த்து. அதில் தேதி ஆகஸ்ட் எட்டு. சபையில் பேசும்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கார்.

இப்போது நரிமுடுக்கு வடிகால் நம்ம வீட்டு வாசலில் மட்டும் பதினாறு அடி அகலம். முப்பது அடி நீளத்துக்கு. அந்தப் பக்கமும் நாலடி, இந்தப் பக்கமும் நாலடி.

நீ கோபப்படலாம்.

அக்கா

*

மேலமருதங்குடி,
30.11.1997

அன்புள்ள மருமகன் சேரனுக்கு,

உன்னிடமிருந்து எனக்கும் கடிதம் இல்லை, அவளுக்கும் இல்லை. மூன்று மாதம் ஆகிறது. நீ சுகம் என்று முபாரக் வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மழை வந்துவிட்டது. பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மேற்கேயிருந்து வந்த தண்ணீர் உன் வாசலில் அகலமாக இடம் கண்டு, மில் சுவரில் மோதி, திரும்பி, முன் சுவர் இல்லாத வீட்டுக்குள் போய்விட்டது. கூடத்தில் முழங்கால் ஆழம். கீழத்தெரு வயல் பத்து நாளாக முழுகிக் கிடக்கிறது. போன வருஷம் மாதிரியேதான். சில இடத்தில் அதைவிட மோசம்.

திருவிடைமருதூரிலிருந்து ஆள் வந்தது. பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். உன் அத்தை அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

நான் செய்ததை அவள் எழுதியிருப்பாள். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கும், அவளுக்கே தெரியாது. போன வருஷம் இராஜாங்கம் மனைக்கு வந்தபோது நான் கல்லைக் காட்டி, "இதத் தாண்டக் கூடாதுங்களே" என்றுதான் சொன்னேன். நிஜமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்க சக்கரவர்த்தினிக்கு மாமா. ஒங்க வாசல்ல எவன் சங்கிலி பிடிப்பான்?" என்றார். சக்கரவர்த்தினி என்பது நான் டீக்கடையில் விளையாட்டாக வைத்த பேர். அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு அது நிஜமாகிவிட்டது. ஆட்சி நம்மது என்றால் கல்லும் நம்மது என்று நினைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் அந்தக் கல்லை ஒருத்தன் அசைக்க விட்டதில்லை நான்.

ஆபீஸில் கூட்டத்துக்கு உறுப்பினர் யாரும் வருவதில்லை. காசோலையில் உதவித் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் போடுவதில்லை. சுடுகாட்டு விளக்கு மூன்றும் எரியவில்லை. குளத்துப் பலகையை நாலாவது தடவையாகப் பிடுங்கியிருக்கிறார்கள். ஆணி வாங்கி வைத்திருக்கிறாள், இன்னும் அடிக்கவில்லை. இன்னும் நாலு வருஷம் அவள்தான் தலைவர். தினம் பத்து மணிக்குப் போய் அந்தக் கை ஒடிந்த நாற்காலியில் ஒரு மணிவரை உட்கார்ந்துவிட்டு வருகிறாள். நடவுக் கொத்துக்கு இந்த வருஷம் வேறு ஆள் தலைவி. "தம்பி வூட்டையே இடிச்சவ, நம்மள எங்க வுடுவா" என்று நம்ம தெருவிலேயே சொல்கிறார்கள். சொல்லுகிறவர்கள் அன்று கை தட்டியவர்கள்தான்.

கல்லை இருந்த இடத்தில் நட்டுவிட்டேன். தண்ணீருக்குள் நிற்கிறது. யாரும் பார்க்கவில்லை.

திட்டியாவது எழுது.

மாமன்

*

மஸ்கட்,
18.1.1998

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தைக்குக் கண் ஆபரேஷன் என்று முபாரக் சொன்னான், ஆயிற்றா? உங்கள் முழங்கால் எப்படி? பசு கன்று போட்டுவிட்டதா? வைரக்கண்ணு அண்ணனை விசாரித்ததாகச் சொல்லவும்.

தை மாத லீவை ரத்து செய்துவிட்டேன். கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். சலாலா பக்கம் வேலை. விலாசம் மாறியதும் தெரிவிக்கிறேன்.

வீட்டின் முன்பக்கத்தைத் தட்டி வைத்து அடைத்துவிடுங்கள். ஆடு மாடு புகாமல் இருந்தால் போதும்.

ரூமில் இப்போது யாரும் கடிதம் கேட்பதில்லை.

சேரன்

*

மேலமருதங்குடி,
12.2.1998

அன்புள்ள சேரனுக்கு,

உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. கன்று கிடாரி. தட்டி வைத்து அடைத்தாயிற்று. வைரக்கண்ணுவே வந்து கட்டிக் கொடுத்தான். முழங்கால் இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று எப்போதும் போல வாசலில் உட்கார்ந்து நான்தான் உரக்கப் படித்தேன். அம்சு எதிரே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நெல் அழுகிய வயலில் மிஞ்சிய ஈரத்தில் தெளித்து விளைந்தது. மரக்கால் கணக்குக்குக்கூட வராது. நீ என்னைக் கேட்டிருந்தாய், அத்தையைக் கேட்டிருந்தாய், முழங்காலைக் கேட்டிருந்தாய், பசுவைக் கேட்டிருந்தாய். கொத்தனாரையும் கேட்டிருந்தாய். அடுத்த வரி லீவு ரத்து என்று வந்தது. அவள் முறம் நின்றுவிட்டது.

நான் ஒரு வரி சேர்த்துப் படித்தேன். "அக்கா எப்படி இருக்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்று.

முறம் மறுபடி ஆடியது. கடைசிவரை படித்து முடித்தேன். மடிக்கப் போனபோது, "அந்த வரிய இன்னொரு தடவ படிங்க மாமா" என்றாள்.

தாளைப் பார்த்தேன். அதில் இல்லாத வரியை எங்கே தேடுவது? முதலில் என்ன சொன்னேன் என்பது அந்த நிமிடம் மறந்துவிட்டது. "அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று படித்தேன்.

எட்டாம் வகுப்புவரை படித்தவள். தாளை வாங்கிப் பார்த்திருக்கலாம். "ம்" என்றாள். உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

யானையும் அதன் சம்சாரமும் படுக்கிற நிழல் எல்லாம் உனக்கு எழுதியவன் நான். இந்த ஒரு வரியை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்ல வரவில்லை.

அடுத்த கடிதத்தில் அவளைக் கேட்டு ஒரு வரி எழுது. கோபமாக இருந்தாலும் சரி. படித்துக் காட்ட மாட்டேன். தாளை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

சிங்காரவேலு